பால்மர் பள்ளத்தாக்கில் ட்யூப் லைட்டே முதல் சூரியன்!

மார்ச் மாதக் கடைசி. அலாஸ்கா மாநிலத்தின் பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து வடகிழக்கே போகும் க்ளென் நெடுஞ்சாலையில் சுமார் 68 கிலோமீட்டர் போனால் பால்மர் என்ற சிற்றூர் வருகிறது. ஊரைச் சுற்றி மட்டனூஸ்கா பள்ளத்தாக்கின் வயல்கள். தெற்கே 6,398 அடி உயரத்தில் பயனியர் சிகரம் சுவர்போல நிற்கிறது. வயல், வரப்பு, வேலி எல்லாமே பனிக்குள் கிடக்கின்றன. மண்வெட்டியை ஓங்கிப் போட்டாலும் கல்லில் பட்டதுபோலத் தெறிக்கும். ஈரத்தோடு சேர்ந்து மண்ணே உறைந்து கிடக்கிறது.

ஆனாலும் ஊரில் விவசாய வேலை தொடங்கிவிட்டது. இருட்டிய பிறகு தெருவில் நடந்தால் அது தெரியும். சில வீடுகளின் நிலவறைச் சன்னலிலும், கார் ஷெட்டின் கதவிடுக்கிலும் ட்யூப் லைட்டின் வெள்ளை வெளிச்சம் கசிகிறது. உள்ளே ஆட்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. குழித்தட்டுகளில் வெங்காயமும் தக்காளியும் குடைமிளகாயும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. வெளியே பனி உருகும்வரை அவற்றுக்கு அந்த ட்யூப் லைட்தான் சூரியன்.

கோடையில் 19 மணி நேரத்துக்கு மேல் வெயில் அடிக்கும் ஊர் இது. உலகத்திலேயே பெரிய முட்டைக்கோஸ் விளைந்து எடை போடப்பட்ட ஊரும் இதுதான். இவ்வளவு வெயில் இருக்கும் ஊரில் நாற்றுக்கு எதற்கு விளக்கு? அந்த விளக்கை ஏன் இலையைத் தொட்டுவிடும் அளவுக்குத் தாழ்த்திக் கட்டுகிறார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை பால்மரின் நாள்காட்டியில் இருக்கிறது.

வெளிச்சம் உண்டு, வெதுவெதுப்பு இல்லை

பால்மர் ஏறக்குறைய 61.6 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் பகல் பொழுது சுமார் ஐந்தரை மணி நேரம்தான். அதன்பிறகு பகல் வேகமாக நீள்கிறது. மார்ச் மாதத்தில் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஐந்தாறு நிமிடம் கூடுதல். மார்ச் 20-ம் தேதி வாக்கில் பகலும் இரவும் சமமாகிவிடுகின்றன. ஜூன் 21-ல் பகல் 19 மணி நேரத்தைத் தாண்டுகிறது. அப்போது இரவு என்று சொல்லப்படும் நேரத்திலும் முழு இருட்டு வருவதில்லை.

பிரச்னை வெளிச்சத்தில் இல்லை, மண்ணிலும் காற்றிலும் இருக்கிறது. மே கடைசி வரை இரவில் உறைபனி விழலாம். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் அது திரும்ப வந்துவிடலாம். நடுவில் உறைபனி இல்லாமல் கிடைப்பது நூற்றுச் சொச்சம் நாட்கள்தான். தக்காளி விதை போட்டு நாற்றாக ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். நட்ட பிறகு முதல் பழம் பறிக்க, சீக்கிரம் காய்க்கும் ரகத்துக்கே இரண்டு மாதம் ஆகும். இரண்டையும் கூட்டினால் கோடை முழுவதும் நாற்றுக்கும் செடிக்குமே சரியாகிவிடும், பழம் பறிக்க நாள் மிச்சமிருக்காது. அதனால் நாற்றுப் பருவத்தை வீட்டுக்குள்ளேயே முடித்துவிட்டு, ஜூன் தொடக்கத்தில் வயலுக்குள் போகும்போதே செடி கையகல உயரத்தில் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஏப்ரலில் நாற்று கெட்டுப்போனால் மறுபடி விதைத்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. மறுபடி விதைத்த நாற்று தயாராகும்போது ஜூன் பாதி போயிருக்கும். அந்த வருடத் தக்காளி அத்தோடு சரி.

பள்ளத்தாக்குக்கு வந்த 203 குடும்பங்கள்

இந்தக் கணக்கை இங்கே வந்து குடியேறியவர்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். பள்ளத்தாக்கின் ஆதி மக்கள் டெனைனா, அட்னா இனத்தவர். மீன், வேட்டை, காட்டுப் பழங்கள் என அவர்களுடைய வாழ்க்கை நிலத்தோடும் பருவத்தோடும் பொருந்தியிருந்தது. பெரிய அளவில் உழவு வந்தது 1935-ல். அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் வாட்டிய காலம் அது. அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு, மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களிலிருந்து 203 குடும்பங்களை இங்கே கொண்டுவந்து குடியேற்றியது. குலுக்கல் முறையில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் ஒதுக்கினார்கள். மே மாதத்தில் வந்து இறங்கியவர்களுக்கு முதலில் கிடைத்தது கூடாரம்தான். காட்டை வெட்டி, வேர் பிடுங்கி, குளிர்காலம் வருவதற்குள் வீடு கட்டியாக வேண்டியிருந்தது. தாக்குப்பிடிக்க முடியாமல் சில வருடங்களிலேயே பல குடும்பங்கள் திரும்பிப் போய்விட்டன.

தங்கியவர்கள் மண்ணைப் புரிந்துகொண்டார்கள். பனிப்பாறைகள் அரைத்த பாறைத்தூளை ஆறுகள் கொண்டுவந்து போட, அதைக் காற்று அள்ளி வீசிப் படிந்த வண்டல் இது. முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, கேரட் போன்ற குளிர் தாங்கும் பயிர்கள் நீண்ட பகலில் தழைத்து வளர்ந்தன. 1936-லேயே பால்மரில் விளைபொருள் சந்தை தொடங்கிவிட்டது. 1941-ல் அலாஸ்கா ரயில்வேயின் மேலாளர், பெரிய முட்டைக்கோஸ் கொண்டுவருபவருக்கு 25 டாலர் பரிசு என்று அறிவித்தார். அன்று வென்ற முட்டைக்கோஸ் 23 பவுண்டு, அதாவது சுமார் பத்தரைக் கிலோ. 2012-ம் ஆண்டு ஆகஸ்ட் 31-ம் தேதி அதே ஊரில் நடந்த அலாஸ்கா மாநிலச் சந்தையில் ஸ்காட் ராப் என்பவரின் முட்டைக்கோஸ் 138.25 பவுண்டு எடை காட்டியது. 62.71 கிலோ! ஒரு ஆளின் எடை. கின்னஸ் புத்தகத்தில் பதிவான எடை அது.

இப்படிப்பட்ட முட்டைக்கோஸ்கள் பெரும்பாலும் பனிக்காலத்திலேயே, கூரைக்குக் கீழே விளக்கு வெளிச்சத்தில் முளைத்தவை. ஜூனில் விதையை மண்ணில் ஊன்றி ஆகஸ்டில் 60 கிலோ எடுக்க எந்த ஊர் வெயிலாலும் முடியாது.

போட்டிக்காக வளர்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு இது சாப்பாட்டு விஷயம். அலாஸ்காவில் சாப்பிடும் உணவில் 95 சதவீதம் வெளியிலிருந்து வருகிறது என்று அங்கே வழக்கமாகச் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி தெற்கே வாஷிங்டன் மாநிலத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் ஆங்கரேஜுக்கு வந்து சேர வேண்டும். கடல் தாண்டி வரும் தக்காளி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையில் விளையும் காய்க்கு அங்கே இருக்கும் மதிப்பு அதனால்தான்.

சன்னலை நம்பி ஏமாறாதே

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் சன்னலைத்தான் நம்புகிறார்கள். மார்ச்சில் பகல் 12 மணி நேரம் இருக்கிறது, தெற்குப் பார்த்த சன்னல் இருக்கிறது, விளக்குக்கு எதற்குச் செலவு என்று குழித்தட்டை அங்கே வைக்கிறார்கள். பத்தே நாளில் நாற்று நூல்போல நீண்டு, கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

காரணம் எளிது. சம பகலிரவு நாளன்று உச்சிப்பொழுதில் சென்னையில் சூரியன் 77 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். அதே நாளில் பால்மரில் 28 டிகிரிதான். இங்கே காலை எட்டு மணிக்குப் பார்க்கும் வெயில்தான் அங்கே உச்சி வெயில். அதையும் மலையும் மேகமும் பக்கத்து வீடும் கொஞ்ச நேரம் மறைத்துக்கொள்கின்றன. கண்ணாடி கொஞ்சம் வெளிச்சத்தைத் தடுக்கிறது. வருவதும் ஒரு பக்கமாகத்தான் வருகிறது. இரவில் அந்தக் கண்ணாடி ஓரமே வீட்டிலேயே அதிகமாகக் குளிரும் இடமாகிவிடுகிறது.

மனிதக் கண்ணும் இதில் ஏமாற்றும். கண் எவ்வளவு வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதனால் நல்ல வெளிச்சமான அறை என்று நாம் நினைப்பது செடிக்கு அந்திப்பொழுதுதான். திறந்த வெளியில் உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். விளக்குப் போட்ட சாதாரண வீட்டு அறையில் சில நூறு லக்ஸ்தான். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு.

வெளிச்சம் குறைந்தால், தான் இன்னும் மண்ணுக்குள்ளோ வேறு செடியின் நிழலிலோ இருப்பதாகத்தான் நாற்று எடுத்துக்கொள்ளும். வெளிச்சத்தைத் தேடி மேலே போவதற்காக, கையில் இருக்கும் சத்தையெல்லாம் தண்டை நீட்டவே செலவழிக்கும். இலை சிறுத்து, நிறம் வெளிறி, தண்டு மெலியும். வேரும் வலுப்படாது. இப்படி நீண்ட தண்டை மறுபடி குட்டையாக்க முடியாது. தக்காளியை மட்டும் கொஞ்சம் ஆழமாக நட்டுச் சமாளிக்கலாம், அதன் தண்டில் வேர் விடும். குடைமிளகாய்க்கும் காலிஃபிளவருக்கும் அந்த வசதி இல்லை.

நிலவறைக்குள் ஒரு நாற்றங்கால்

பள்ளத்தாக்கில் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் ஏற்பாட்டில் ஆடம்பரம் எதுவும் இல்லை. பட்டறைகளில் மாட்டும் நான்கடி நீள இரட்டை ட்யூப் லைட் பட்டி. மரக்கட்டையில் ஒரு சட்டம், அல்லது இரும்பு அலமாரி. பட்டியைத் தொங்கவிட இரண்டு பக்கமும் மெல்லிய சங்கிலி, அதை மாட்ட 'எஸ்' வடிவக் கொக்கி. கயிற்றைவிடச் சங்கிலி வசதி, ஏனென்றால் ஒவ்வொரு கண்ணியாக ஏற்றலாம், இறக்கலாம். சுவர்ப் பிளக்கில் ஒரு டைமர். அவ்வளவுதான்.

விதை முளைக்கும்வரை வெளிச்சத்தைவிடச் சூடுதான் முக்கியம். தட்டுக்கு அடியில் சூடு தரும் விரிப்பைப் போட்டு, ஊடகத்தை 21 முதல் 24 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். முளை தலைகாட்டியதும் விரிப்பை எடுத்துவிட்டு, விளக்கை இறக்குகிறார்கள். அன்றைக்கே இறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று நாள் விட்டால், அந்த மூன்று நாளிலேயே தண்டு நீண்டுவிடும். நாற்று நெட்டையாவது பெரும்பாலும் முளைத்த முதல் வாரத்தில்தான்.

முளைத்த பிறகு அறையின் சூட்டையும் குறைக்கிறார்கள். 15 முதல் 18 டிகிரி போதும், குடைமிளகாய்க்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். சூடு அதிகம், வெளிச்சம் குறைவு என்ற சேர்க்கைதான் நாற்றை மிக வேகமாக நெட்டையாக்கும். குளிரான நிலவறை அந்த வகையில் நல்ல இடம்.

இரண்டு அங்குலம், நான்கு அங்குலம்

சாதாரண ட்யூப் லைட் என்றால் நாற்றின் நுனியிலிருந்து இரண்டு முதல் நான்கு அங்குலத்தில் இருக்க வேண்டும். சுமாராக மூன்று விரல்கடை முதல் ஐந்து விரல்கடை. முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இது தவறு என்றே தோன்றும். இவ்வளவு கிட்டத்தில் இலை கருகிவிடாதா?

ட்யூப் லைட் அவ்வளவு சூடாகாது என்பதால் கருகாது. தள்ளி வைத்தால்தான் நஷ்டம். புள்ளிபோல ஓரிடத்தில் எரியும் பல்புக்குத் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். நீண்ட ட்யூப் லைட்டுக்கு அவ்வளவு வேகமாகக் குறையாது. அதற்கும், கிட்டத்தில் தூரம் இரட்டித்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகும். கூரையில் எரியும் விளக்கு ஆறடி கீழே மேசையில் இருக்கும் நாற்றுக்கு உதவாது என்பதற்கு இதுதான் காரணம்.

வளர்ப்பு விளக்கு என்று விற்கும் எல்.இ.டி பலகைகளுக்கு இந்த அளவு பொருந்தாது. அவற்றில் பலவும் ட்யூப் லைட்டைவிடப் பல மடங்கு வலுவானவை. ஓர் அடி, சிலவற்றுக்கு இரண்டடி கூடத் தள்ளி இருக்க வேண்டியிருக்கும். தயாரிப்பாளர் சொல்லும் உயரத்தில் தொடங்கி, நாற்றைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவதுதான் பாதுகாப்பு. பட்டறை விளக்குபோல நீளமாக வரும் சாதாரண எல்.இ.டி ட்யூப்களைப் பழைய ட்யூப் லைட்போலவே கிட்டத்தில் வைக்கலாம்.

சூட்டைச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. புறங்கையை இலை மட்டத்தில் வைத்து ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். கை சுட்டால் இலையும் சுடும். ஆனால், எல்.இ.டி-க்கு இந்தச் சோதனை மட்டும் போதாது. அதன் சூடு பெரும்பாலும் பின்பக்கமாக வெளியேறும். கையில் சூடே தெரியாமல் இருக்கும்போதும், வெளிச்சம் அளவுக்கு மீறி இலை வெளுக்கலாம்.

செடி வளர வளர விளக்கும் ஏற வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை சங்கிலியில் ஒரு கண்ணியை மாற்றுவது அங்கே வீட்டு வேலைகளில் ஒன்று. விளக்கை அசைக்க முடியாத இடத்தில் தட்டுக்கு அடியில் மரக்கட்டையோ பழைய புத்தகங்களோ அடுக்கி, நாற்று வளரும்போது ஒவ்வொன்றாக உருவிவிடுகிறார்கள்.

ஒரே விளக்குக்குக் கீழே குட்டைப் பயிரும் நெட்டைப் பயிரும் இருந்தால் சிக்கல். உயரமான தக்காளிக்கு ஏற்ப விளக்கை ஏற்றினால், பக்கத்தில் இருக்கும் முட்டைக்கோஸ் நாற்று வெளிச்சத்தைத் தேடி நீளும். இதற்கு ஒரு சுலபமான தீர்வு, விளக்குப் பட்டியைச் சாய்வாகத் தொங்கவிடுவது. ஒரு முனை மேலே, மறுமுனை கீழே. மேலே இருக்கும் பக்கம் தக்காளித் தட்டு, கீழே இருக்கும் பக்கம் முட்டைக்கோஸ் தட்டு.

ட்யூப்பின் நடுவைவிட இரண்டு முனையிலும் வெளிச்சம் குறைவு. அதனால் தட்டுகளை வாரத்துக்கு இரண்டு தடவை இடம் மாற்றித் திருப்பி வைக்கிறார்கள். பக்கவாட்டில் வெள்ளை அட்டை நிறுத்தினால் சிதறும் வெளிச்சம் திரும்ப நாற்றுக்கே வரும். பழைய ட்யூப் எரிந்துகொண்டிருந்தாலும் வெளிச்சம் குறைந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கண் உதவாது. அதனால், சில பருவத்துக்கு ஒரு தடவை ட்யூப்பை மாற்றிவிடுவதே நல்லது.

விளக்கை அணைப்பதும் வேலைதான்

விளக்கு எரிய வேண்டிய நேரம் ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம். சூரியனைவிட ட்யூப் லைட்டின் வெளிச்சம் மிகக் குறைவு. நாற்றுக்கு முக்கியம், நாள் முழுவதும் சேர்ந்து எவ்வளவு வெளிச்சம் கிடைத்தது என்பதுதான். சிறிய குழாயில் தொட்டி நிரப்புவதுபோல, கூடுதல் நேரம் திறந்து வைத்து ஈடுகட்டுகிறார்கள்.

அப்படியென்றால் 24 மணி நேரமும் எரியவிடலாமே? கூடாது. தக்காளிக்கு இடைவிடாத வெளிச்சம் ஆகாது. இலை மஞ்சளித்துப் புள்ளி விழும். இருட்டு நேரமும் செடிக்கு வேண்டும். ஆளே விளக்கைப் போட்டு அணைத்தால் மறந்துவிடும் என்பதால்தான் டைமர்.

மின்சாரச் செலவும் பெரிதில்லை. 32 வாட் ட்யூப் இரண்டு, 16 மணி நேரம் எரிந்தால் நாளைக்கு ஒரு யூனிட். 18 வாட் எல்.இ.டி ட்யூப் இரண்டு என்றால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு மாதத்துக்கு 35-லிருந்து 60 யூனிட். ஒரு பட்டிக்குக் கீழே நீளவாக்கில் இரண்டு தட்டு வைக்கலாம். ஒரு குடும்பத் தோட்டத்துக்கு அந்த நாற்று தாராளம்.

இலை சொல்வதைப் படித்தல்

அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பண்ணை இந்தப் பள்ளத்தாக்கில் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. பல்கலைக்கழக விரிவாக்கப் பணியாளர்கள் தோட்டக்காரர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்கள். வடக்கே தோட்டம் போடுகிறவர்கள் வசந்தத்தில் கேட்கும் பழைய கேள்வி, 'நாற்று ஏன் இப்படி நீள்கிறது' என்பதுதான். விடையை நாற்றே சொல்லிவிடும்.

தண்டு மெலிந்து, கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, ஒரு பக்கம் சாய்ந்தால் விளக்கு தூரத்தில் இருக்கிறது. இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டாலோ, விளக்குக்கு நேர் கீழே இருக்கும் நுனி இலை மட்டும் வெளுத்தாலோ விளக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிறது. அடி இலைகள் மஞ்சளித்தால் அது பெரும்பாலும் விளக்கின் தவறில்லை. தண்ணீர் அதிகமா, உரம் குறைவா என்று பார்க்க வேண்டும். மண் மட்டத்தில் தண்டு இற்று நாற்று மடிந்து விழுந்தால் அது நாற்றழுகல். அதற்கு ஈரத்தைக் குறைத்து, காற்றோட்டம் கொடுக்க வேண்டும்.

காற்றோட்டத்துக்குச் சிறிய மேசை மின்விசிறி ஒன்றை மெதுவாக ஓடவிடுகிறார்கள். காற்றில் ஆடும் நாற்று குட்டையாகவும் தண்டு பருத்தும் வளரும். விசிறி இல்லாதவர்கள் நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் தினமும் சில தடவை மெல்லத் தடவிவிடுகிறார்கள். அதுவும் பலன் தரும்.

விளக்கிலிருந்து வெயிலுக்கு

மே பாதியில் மலையடிவாரத்தில் பச்சை தெரிய ஆரம்பிக்கிறது. நிலவறையில் முட்டைக்கோஸ் நாற்று நாலைந்து இலையோடு நிற்கிறது. விளக்கோடு இருந்த உறவு முடியப்போகிறது. கஷ்டப்பட்டு வளர்த்த நாற்று பலருக்கும் கைவிட்டுப் போவது இந்த இடத்தில்தான்.

இரண்டு மாதம் ட்யூப் லைட்டைத் தவிர வேறு வெளிச்சம் பார்க்காத இலை அது. நேராகக் கொண்டுபோய் வெயிலில் வைத்தால் ஒரே நாளில் வெள்ளைத் தீப்புண் விழும். அந்த நேரத்தில் பால்மரில் பகல் ஏற்கெனவே 17 மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். காற்றும் சாதாரணமானதில்லை. பனிப்பாறைகள் பக்கமிருந்து பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் காற்றுக்குப் பேர்போன ஊர் இது. நிலவறைக்குள் வளர்ந்த தண்டை அது முறித்துப் போட்டுவிடும்.

அதனால் ஏழு முதல் பத்து நாள் கடினப்படுத்துகிறார்கள். முதல் நாள் வீட்டு நிழலில், காற்றுப் படாத மூலையில் ஒரு மணி நேரம். மறுநாள் இரண்டு மணி நேரம். பிறகு காலை வெயில் கொஞ்சம். மாலையில் திரும்ப உள்ளே. மேகமூட்டமான நாளாகப் பார்த்துத் தொடங்குவது இன்னும் நல்லது. தண்ணீரையும் கொஞ்சம் குறைக்கிறார்கள், வாடவிடுவதில்லை. கடைசி இரண்டு இரவு, உறைபனி இல்லையென்றால் வெளியிலேயே விடுகிறார்கள்.

அதற்குள் வயலில் பாத்தியின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து மண்ணைச் சூடேற்றியிருப்பார்கள். நட்டதும் மெல்லிய துணிப்போர்வை மூடும். சுற்றிலும் உயரமான வேலி. மூஸ் என்ற பெரிய மான் இனம் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால், ஒரே இரவில் முட்டைக்கோஸ் பாத்தியைக் காலி செய்துவிடும். உறைபனி, காற்று, மூஸ் மூன்றையும் தாண்டி வந்த நாற்றுக்குத்தான் 19 மணி நேர வெயில் கிடைக்கிறது. அதன்பிறகு அது வளரும் வேகம் அங்கே இருப்பவர்களையே ஆச்சர்யப்பட வைக்கும்.

சந்தையில் தராசு

ஆகஸ்ட் கடைசியில் பால்மரில் மாநிலச் சந்தை கூடுகிறது. பெரிய முட்டைக்கோஸ் எடை போடும் நாளில் கூட்டம் அலைமோதும். தார்ப்பாயில் வைத்து நாலைந்து பேர் தூக்கிவரும் முட்டைக்கோஸின் வெளி இலை, கைக்குழந்தையைப் படுக்க வைக்கும் அகலம் இருக்கும். தராசில் எண் தெரிந்ததும் கைதட்டல். வெளியூர்க்காரர்கள் நள்ளிரவு வெயிலின் மகிமை என்று பேசிக்கொள்வார்கள். அதில் உண்மை உண்டு. அந்த வெயிலைப் பிடித்துக்கொள்ள ஜூன் முதல் வாரத்தில் பருத்த தண்டோடு ஒரு நாற்று தயாராக இருந்தது என்பதும் உண்மை. மார்ச், ஏப்ரல் இரவுகளில் நிலவறைப் படிக்கட்டில் இறங்கி, சங்கிலியில் ஒரு கண்ணியை மாற்றியவர்களுக்கு அது தெரியும்.

தமிழ்நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால், நெட்டை நாற்றுப் பிரச்னை இங்கேயும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மூடாப்பில் நிழல்வலைக்குள்ளேயே கிடக்கும் குழித்தட்டு மிளகாய் நாற்றும், அடுக்குமாடி வீட்டின் சன்னல் திண்டில் வைத்த தக்காளி நாற்றும் நீள்வது அதே காரணத்தால்தான். வெயில் படும் திறந்த இடம் இருந்தால் விளக்குக்குச் செலவழிக்கத் தேவையில்லை. முளைத்த மறுநாளே நாற்றை வெளிச்சத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் போதும். மூடாப்பு நாட்களில் நிழல்வலையைக் கொஞ்சம் விலக்கிவிடலாம். வெளிச்சத்துக்கு வழியே இல்லாத வீடாக இருந்தால், பரணில் கிடக்கும் பழைய ட்யூப் லைட் பட்டியைத் துடைத்து, நாற்றுக்கு மேலே நான்கு விரல்கடையில் கட்டித் தொங்கவிடலாம். தண்ணீர் ஊற்றும் இடம் என்பதால், பிளக்கும் ஒயரும் நனையாத உயரத்தில் இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.